மேற்கோளா, மேற்பூச்சா?

எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாள்களிலேயே மலேசியத் தமிழர் இல்லங்களில் ஒரு தேடல் தொடங்கிவிடுகிறது. எந்தத் துறை பிள்ளைக்கு ஏற்றது, எந்தப் பல்கலைக்கழகத்தில் அத்துறை செம்மையாகக் கற்பிக்கப்படுகிறது, கல்விச் செலவை எங்ஙனம் ஈடுகட்டுவது என்பனவே அத்தேடலின் பொருளாக இருத்தல் வேண்டும். ஆயின், விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய தன்விளக்கக் கட்டுரையை எழுத அமர்ந்ததும் மாணவர் முதற்கண் தேடுவது ஒரு பொன்மொழியைத்தான். காந்தியடிகள் கூறியதா, அப்துல் கலாம் கூறியதா, நெல்சன் மண்டேலா கூறியதா என்று அவர் புரட்டாத பக்கமில்லை; கேட்காத ஆசிரியரில்லை. நெஞ்சைத் தொடும் வாசகம் ஒன்று கிடைத்துவிட்டால் கட்டுரை பாதி முடிந்துவிட்டதாகவே அவர் நிம்மதி அடைகிறார்.

இந்த நிம்மதி பொய்யானது. தன்னைப் பற்றி எழுதுக என்று கேட்கப்பட்ட இடத்தில் பிறரைப் பற்றி எழுதி மகிழும் இப்பழக்கம், மாணவரின் விண்ணப்பத்தை வலுவிழக்கச் செய்கிறது. அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. தன் வாழ்வில் எழுதத்தக்கது ஒன்றுமில்லை என்னும் தாழ்வெண்ணத்தை அது இளம் உள்ளத்தில் ஆழப் பதிக்கிறது. இப்பழக்கத்தின் வேர் பல்கலைக்கழக வாயிலில் இல்லை. தமிழ் வகுப்பறையில்தான் இருக்கிறது. ஆதலின் இதனைக் களையும் கடமையும் தமிழாசிரியர்க்கே முதன்மையாக உரியது.

கேட்கப்படுவது யாது?

தன்விளக்கக் கட்டுரை என்பது யாது என்பதை முதலில் தெளிந்துகொள்ளல் நன்று. பிரித்தானியப் பல்கலைக்கழகங்களில் இளநிலைப் பட்டக் கல்வி பயில விழைவோர் யூகாஸ் எனப்படும் பொது அமைப்பின் வழியே விண்ணப்பிக்கின்றனர். அவர்தம் தன்விளக்கத்துக்கு அவ்வமைப்பு வகுத்துள்ள எல்லை, இடைவெளிகளையும் சேர்த்து 4,000 எழுத்துகள். நெடுங்காலம் ஒரே கட்டுரையாக இருந்த இது, 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் மூன்று வினாக்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. இந்தப் பாடத்தை ஏன் பயில விரும்புகிறீர் என்பது முதல் வினா. இதுவரை கற்ற கல்வி அதற்கு உம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்தியது என்பது இரண்டாம் வினா. கல்விக்கூடத்துக்கு வெளியே அதற்காக என்ன செய்தீர், அது ஏன் பயனுடையது என்பது மூன்றாம் வினா. அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றுக்கும் பொதுவான காமன் ஆப் விண்ணப்பத்திலோ கட்டுரையின் பேரெல்லை 650 சொற்கள்.

இவ்வினாக்களை ஊன்றிப் படிப்போர்க்கு ஓர் உண்மை வெள்ளிடைமலையாய் விளங்கும். பெரியோர் கல்வியைப் பற்றி என்ன கூறினர் என்று இவற்றுள் எவ்வினாவும் கேட்கவில்லை. ‘நீர்’ என்பதே ஒவ்வொரு வினாவின் மையமும் ஆகும். பெரியோரின் மொழிகள் சேர்க்கைக் குழுவினர் அறியாதனவும் அல்ல. ஒவ்வொரு பருவத்திலும் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்களில் அவர்கள் அவற்றைக் கண்டு சலித்தவர்கள். அவர்கள் அறியாததும், அறிய விரும்புவதும் ஒன்றே ஒன்று: இந்த விண்ணப்பத்தை அனுப்பிய பிள்ளை யார்? அவ்வினாவுக்கு மண்டேலாவால் விடை கூற இயலாது. விடை கூறவேண்டிய பிள்ளையோ மண்டேலாவின் பின்னால் மறைந்து நிற்கிறது. 4,000 எழுத்துகளே உள்ள ஏட்டில் பொன்மொழிக்கு 150 எழுத்துகளும், அதன் பெருமையை விளக்க மேலும் 300 எழுத்துகளும் செலவிடப்படுமாயின், விலைமதிப்பற்ற இடத்தில் ஒன்பதில் ஒரு பங்கு பிறர்க்குத் தானமாகப் போய்விடுகிறது.

ஒரே தீ, இருநூற்று முப்பத்து நான்கு சட்டைகள்

இரவல் வாங்கும் பழக்கம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு தக்க சான்றாகும். யூகாஸ் அமைப்புக்காக ஏறத்தாழ 50,000 தன்விளக்கக் கட்டுரைகள் ஒப்பிட்டு ஆராயப்பட்டன. அவற்றுள் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு இரவல் வாசகங்கள் இருக்கக் கண்டனர். எட்டாவது பிறந்தநாளில் வேதியியல் விளையாட்டுப் பெட்டியைக் கொண்டு சோதனை செய்கையில் இரவு உடையில் தீப்பட்டு ஓட்டை விழுந்ததாகவும், அன்றுதொட்டு அறிவியலில் ஆர்வம் பிறந்ததாகவும் 234 மாணவர் எழுதியிருந்தனர்! முதிர்ந்து தளர்ந்த பாட்டனாரைக் குறித்த ஒரே வாசகம் 175 கட்டுரைகளில் இருந்தது. இணையத்தில் கிடைத்த மாதிரிக் கட்டுரையிலிருந்து ஒருவர் எடுக்க, மற்றவர் எடுக்க, ஒரே தீ இருநூற்று முப்பத்து நான்கு சட்டைகளை எரித்துவிட்டது. இன்று அவ்வமைப்புக்கு வந்து சேரும் ஒவ்வொரு கட்டுரையும் முன்னைய கட்டுரைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்படுகிறது.

இதனைக் கேட்டுச் சிலர் நகைக்கலாம், “அது களவு, பொன்மொழியோ உரியவர் பெயரோடு எடுத்தாளப்படுவது, இரண்டும் ஒன்றாகுமா?” என்று வினவலாம். சட்டத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல என்பது மெய்யே. ஆயின், இரண்டுக்கும் தாய் ஒருத்தியே. தன்னிடம் ஒன்றுமில்லை என்னும் அச்சமே அத்தாய். இரவு உடைக் கதையை எடுத்தவனும், பொன்மொழியைத் தேடி அலைபவனும் தம் வீட்டுக் கதவைத் திறந்து பாராமலே அண்டை வீட்டுக்கு அகலை எடுத்துக்கொண்டு சென்றவர்கள்.

உரியவர் பெயரோடுதான் எடுத்தாளப்படுகிறதா என்பதும் ஐயத்துக்குரியதே. உலகில் காண விழையும் மாற்றமாக நீயே ஆகுக என்னும் கருத்தமைந்த வாசகம் காந்தியடிகளின் பெயரால் சுவர்தோறும் தொங்குகிறது. நூறு தொகுதிகளாக வெளிவந்துள்ள அவர்தம் எழுத்துகளில் அவ்வடிவில் அவ்வாசகம் கிடைக்கவில்லை. 1913இல் அவர் ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழில் எழுதிய ஒரு கட்டுரையில் ஏறத்தாழ அக்கருத்துடைய பகுதி ஒன்றுண்டு. அதனைப் பிற்காலத்தார் சுருக்கிச் சுவரொட்டியாக்கிவிட்டனர். மனிதன் அஞ்சுவது தன் இருளையன்று, தன் ஒளியையே என்னும் பொருள்பட அமைந்த பகுதியை, 1994ஆம் ஆண்டுப் பதவியேற்பு உரையில் மண்டேலா கூறியதாகப் பலரும் எழுதுகின்றனர். அவ்வுரையில் அஃது இல்லை. மேரியான் வில்லியம்சன் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1992இல் வெளியிட்ட நூலில் உள்ளது அது. மரமேறும் திறத்தைக் கொண்டு மீனை அளத்தல் தகாது என்பதை ஐன்ஸ்டைன் கூறியதற்கோ எவ்விதச் சான்றும் இல்லை. ஒரு கருத்து பிறந்த இடத்தை ஆராயாமல், பெரும்பெயர் ஒன்று ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு மயங்கி எடுத்தாள்வது ஆராய்ச்சி மனப்பான்மைக்கே முரணானது. ஆராய்ச்சிக்கு இடமான பல்கலைக்கழகத்தின் வாயிற்படியிலேயே அம்முரணை அரங்கேற்றுவது எவ்வளவு இரங்கத்தக்கது!

வேர் எங்கே உள்ளது?

இனி, வேருக்கு வருதல் வேண்டும். தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளை திருக்குறள், பழமொழி, மரபுத்தொடர், இணைமொழி, உவமைத்தொடர், இரட்டைக்கிளவி எனச் செய்யுளும் மொழியணியும் ஆண்டுதோறும் கற்கிறது. இஃது அரிய செல்வம். இதனைக் குறைகூறுவார் தமிழின் அருமை அறியாதவர். ஆயின், செல்வத்தைச் செலவிடும் முறை ஒன்றுண்டன்றோ? கட்டுரையின் முன்னுரையில் ஒரு குறள், முடிவுரையில் ஒரு பழமொழி என்னும் வாய்பாடு பல வகுப்பறைகளில் சட்டமாகிவிட்டது. ‘நான் ஒரு பேனா’ என்று எழுதினாலும் குறள். ‘பள்ளி விளையாட்டுப் போட்டி’ என்று எழுதினாலும் குறள். பொருந்துகிறதா என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை. இருக்கிறதா என்பதே வினா. திருத்தும் ஆசிரியரின் சிவப்பு மையும் மேற்கோளைக் கண்ட இடத்தில் மகிழ்ந்து ஒரு கோடிடுகிறது. பிள்ளை தானே கண்டு எழுதிய ஒரு வரியைக் கண்ட இடத்தில் பேசாது கடந்து போகிறது. பன்னிரண்டு வயதில் கற்ற இப்பாடம் பதினெட்டு வயதில் விண்ணப்பத்தில் வந்து நிற்கிறது. மொழி மாறியிருக்கும், வள்ளுவர் இருந்த இடத்தில் வேறொருவர் அமர்ந்திருப்பார், வாய்பாடு மட்டும் மாறாது.

இவ்வாய்பாட்டால் இலக்கியத்துக்கும் நன்மை விளையவில்லை. மிகுதியாக எடுத்தாளப்படும் சங்கப் பாடல் எது என்று வினவினால், புறநானூற்றின் 192ஆம் பாட்டு என்று எவரும் கூறுவர். கணியன் பூங்குன்றனாரின் அப்பாட்டு பதின்மூன்று அடிகளை உடையது. எடுத்தாளப்படுவது முதல் அடி ஒன்றே. மேடைகளிலும் மலர்களிலும் விண்ணப்பங்களிலும் அவ்வோர் அடி, உலக ஒற்றுமைக்கு முழக்கமாகப் பயன்படுகிறது. எஞ்சிய பன்னிரண்டு அடிகளைப் படித்தார் எத்தனை பேர்? நன்மையும் தீமையும் பிறர் தர வருவன அல்ல என்றும், மலையருவி பெருகிய ஆற்றில் நீரின் வழியே செல்லும் புணை போல உயிர் செல்கிறது என்றும் எடுத்துரைக்கும் அப்புலவர், இறுதியில் வந்தடையும் முடிவு மிக நுட்பமானது. பெரியோரைக் கண்டு வியத்தலும் இல்லை. சிறியோரை இகழ்தல் அதனினும் இல்லை என்பதே அம்முடிபு. பெரியோரின் பெயரைக் கண்டு வியந்து, தன் சிறு வாழ்வைத் தானே இகழ்ந்து எழுதப்படும் கட்டுரையின் நெற்றியில் அப்பாட்டின் முதலடியைப் பொறிப்பது, அப்புலவர்க்குச் செய்யும் சிறப்பாகுமா? பாட்டை முழுதும் கற்ற மாணவர் அதனை அவ்வாறு பயன்படுத்தார்.

மேற்கோளின் உண்மைத் தொழில்

மேற்கோள் காட்டுதல் தமிழ் மரபன்றோ என்பார் சிலர். ஐயமின்றித் தமிழ் மரபே. ஆயின் அம்மரபு என்ன செய்தது என்று காண்க. இளம்பூரணரும் பேராசிரியரும் நச்சினார்க்கினியரும் தொல்காப்பியத்துக்கு உரை எழுதுங்கால் செய்யுள்களை எடுத்துக் காட்டினர். விதியை முதலில் விளக்கி, அவ்விதி வழங்குமிடம் இதுவெனக் காட்டச் சான்று கொணர்ந்தனர். வழக்காடு மன்றில் சான்றாளர் வந்து நிற்பதுபோல் அங்கே மேற்கோள் வந்து நின்றது. சான்றை நீக்கினால் வாதம் தளரும். சிலப்பதிகாரத்துக்கு உரைகண்ட அடியார்க்குநல்லார், இசையும் கூத்தும் பற்றிய இடங்களை விளக்க இசைநுணுக்கம், இந்திரகாளியம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் முதலிய நூல்களைத் துணைக்கொண்டார். வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்காமல் போன பின்னரும் அவற்றின் செய்யுள்கள் சில இன்று எஞ்சியிருப்பது, உரையாசிரியரும் தொகுப்பாசிரியரும் எடுத்தாண்டமையால்தான்.

அத்தகைய மேற்கோளுக்கும் விண்ணப்பத்தின் நெற்றியில் ஒட்டப்படும் பொன்மொழிக்கும் என்ன உறவு? முன்னது கட்டடத்தைத் தாங்கும் தூண். பின்னது சுவரின் விரிசலை மறைக்கும் சுண்ணாம்பு. முன்னதை நீக்கினால் கூரை சரியும். பின்னதை நீக்கினால் சுவரின் உண்மை நிலை வெளிப்படும். இதுவே தக்க சோதனையும் ஆகும். எடுத்தாண்ட வாசகத்தை நீக்கிவிட்டுக் கட்டுரையைப் படித்துப் பார்க்க. ஒன்றும் குறையவில்லையாயின் அது மேற்பூச்சு. எவர் கட்டுரையிலும் பொருந்துமாயின் அதுவும் மேற்பூச்சு. எழுதியவர் அந்நூலைப் படித்ததில்லையாயின் அது மேற்பூச்சினும் கீழானது.

ஏழைப் பிள்ளையிடம் என்ன இருக்கிறது?

இப்பழக்கத்தைத் தாங்கிப் பேசுவோர் முன்வைக்கும் வாதங்களுள் வலிமை மிக்கது ஒன்றுண்டு. “வசதி படைத்த பிள்ளை வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றி எழுதும், ஆய்வுக்கூடத்தில் பெற்ற பயிற்சியைப் பற்றி எழுதும். தோட்டத்திலும் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையிடம் எழுதுவதற்கு என்ன இருக்கிறது? ஒரு பொன்மொழியாவது அதற்கு மதிப்பைத் தராதா?” என்பதே அவ்வாதம். இரக்கத்தில் பிறந்த வாதம்தான் இது. எனினும் இந்த இரக்கமே பிள்ளையை வறியவனாக்குகிறது.

பயிரியல் கற்க விழையும் ஒரு மாணவனைக் கருதுக. அவன் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். மரத்தின் பட்டையில் வெட்டு இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழ்ந்து சரிந்திருப்பதை அவன் சிறுவயது முதலே கண்டிருக்கிறான். ஏன் அவ்வாறு சரிக்க வேண்டும் என்று அவன் ஒருநாள் வினவத் தொடங்கினால், ஒரு பாடநூலே அங்கே திறந்துகொள்ளும். பட்டையினுள்ளே பாலைச் சுமக்கும் நுண்குழாய்கள் நேர்க்குத்தாக இராமல் சற்றே வலப்புறம் சாய்ந்து சுற்றிச் செல்கின்றன. அவ்வாறு சரித்து வெட்டினால்தான் மிகுதியான குழாய்கள் அறுபடும். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று இருளிலேயே மரம் வெட்டியது ஏன்? வெயில் ஏறுமுன் மரத்தின் உயிரணுக்களில் நீரழுத்தம் மிகுந்திருக்கும்; அப்போது பால் நன்கு சுரக்கும். கத்தி ஏன் ஆழமாக இறங்கலாகாது? பட்டைக்கும் கட்டைக்கும் இடையேயுள்ள வளர்படலம் காயப்பட்டால் புதுப்பட்டை செவ்வனே வளராது. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் தலைமைப் பொறுப்பிலிருந்த ரிட்லி, மரத்துக்கு ஊறின்றித் திரும்பத் திரும்பப் பால் எடுக்கும் முறையை 1890களில் ஆராய்ந்து கண்டார். அந்த அறிவியலை ஆயிரக்கணக்கான தமிழர் தம் கைகளில் தாங்கி இந்நாட்டின் செல்வத்தைப் பெருக்கினர். பாட்டனாரின் கையசைவில் பயிரியல் இருந்தது என்று கண்டு எழுதும் மாணவனுக்குப் பொன்மொழி எதற்கு?

மருத்துவமோ செவிலியமோ பயில விழையும் ஒரு மாணவியைக் கருதுக. அவள் பாட்டிக்கு நீரிழிவால் சிறுநீரகம் பழுதுபட்டு, வாரத்துக்கு மும்முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் செய்யப்படுகிறது. மலேசியாவில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குவோரிடையே முதன்மைக் காரணம் நீரிழிவே ஆதலின், இத்தகைய இல்லங்கள் தமிழரிடையே அரியன அல்ல. துணைக்குச் செல்லும் பேர்த்தி, பாட்டியின் கையில் தமனியும் சிரையும் இணைக்கப்பட்ட இடத்தைத் தொட்டால் ஓர் அதிர்வு உணரப்படுவதை அறிவாள். அவ்வதிர்வு நின்றுவிட்டால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும் என்பதையும் அறிவாள். பாட்டிக்கு ஒரு நாளில் எத்தனை குவளை நீர் தரலாம் என்று அளந்து தந்தவள் அவள். தாகம் தணிக்கச் சிறு பனிக்கட்டித் துண்டைப் பாட்டியின் வாயில் இட்டவள் அவள். அம்மாணவி தன் கட்டுரையை அன்னை தெரேசாவின் பெயரால் தொடங்குவாளாயின், அவளுக்கு எழுதக் கற்பித்தவர்கள் தலைகுனிய வேண்டும்.

“பாட்டனார் கதையும் 175 பேர் எழுதியதுதானே? அனுபவமும் தேய்வழக்கு ஆகிவிட்டதே?” என்று ஒருவர் மடக்கலாம். பாட்டி நோயுற்றார், ஆதலால் மருத்துவராக விழைந்தேன் என்று நின்றுவிட்டால் அதுவும் தேய்வழக்கே. பாட்டி பொதுவானவர், கையின் அதிர்வு அவளுக்கே உரியது. அதனைத் தொட்டபின் அவள் என்ன வினவினாள், எந்த நூலைப் புரட்டினாள், எவரிடம் கேட்டாள், எதனை இன்னும் அறியாமல் இருக்கிறாள் என்பன அவளுக்கே உரியன. கண்டது, வினவியது, அறிந்தது, அறியாதது என்னும் இந்நான்கும் எவரிடமும் இரவல் கிடையா.

பண்பாட்டுப் பெருமையைக் காட்டி வாதிடுவாரும் உளர். திருக்குறள் ஒன்றை ஆங்கிலத்தில் பெயர்த்து முதல் வரியில் வைத்தால் தமிழின் பெருமையை அயலார் அறிவர் என்பது அவர்தம் எண்ணம். வள்ளுவர்க்கு விளம்பரப் பலகையாக நிற்க ஒரு மாணவரின் விண்ணப்பம் தேவையில்லை. ஜி.யு. போப் 1886இலேயே குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தளித்துவிட்டார். கேள்வி, அறிவுடைமை, அவையறிதல், சொல்வன்மை என்று அதிகாரங்கள் வகுத்த அப்பெரியார், அவையின் இயல்பறிந்து பேசுக என்று கற்பித்தவர். எவர் கேட்கிறார், எதனைக் கேட்கிறார் என்று அறிந்து விடையிறுப்பதே குறளைக் கற்றதன் பயன். வினாவுக்கு விடையின்றிக் குறளை மட்டும் நீட்டுவது குறள்நெறி ஆகாது.

மொழித்திறம் குன்றிய பிள்ளைக்கு ஒரு தொடக்கமேனும் வேண்டாவா என்பது இறுதி வாதம். அதற்கும் இன்று புதியதோர் இடர் வந்து சேர்ந்துள்ளது. செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் கேட்டால், பொன்மொழியோடு கூடிய முழுக் கட்டுரையையே நொடிப்பொழுதில் தந்துவிடுகிறது. பிழையற்ற நடை இன்று எவர்க்கும் எளிதில் கிடைப்பதாகிவிட்டமையால், அதற்குத் தனி மதிப்பு இல்லாமற் போயிற்று. கருவி அறியாத ஒன்றைச் சொல்லுவதற்கே இனி மதிப்பு. சற்றே தடுமாறும் நடையில் எழுதப்பட்ட மெய்யான ஒரு நிகழ்ச்சி, பளபளப்பான பொதுவாசகங்கள் பத்தினைவிட நின்று பேசும். நடையைத் திருத்த ஆசிரியர் உதவலாம். வாழ்ந்து பார்த்ததை எவராலும் எழுதித் தர இயலாது.

பட்டியலுக்குப் பின்

தமிழுலகம் அறிந்த ஒரு நேர்காணல் இங்கு நினைக்கத்தக்கது. 1880இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் என்னும் முனிசீப்பை இளைஞர் உ.வே. சாமிநாதையர் காணச் சென்றார். என்னென்ன நூல்கள் கற்றீர் என்று வினவிய முதலியாரிடம் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நெடிய பட்டியலை அவர் அடுக்கினார். முதலியார் வியக்கவில்லை. சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தைப் படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை, ஏடு கிடைக்கவில்லை, கிடைத்தால் படிக்கும் துணிவுண்டு என்று ஐயர் உண்மையைக் கூறினார். தம் சரித்திரத்தில் இதனை அவரே மறையாது எழுதியுள்ளார். பட்டியல் வெல்லாத இடத்தில் அவ்வுண்மை வென்றது. முதலியார் தந்த சிந்தாமணிப் பிரதியோடு தொடங்கிய உழைப்பு, 1887இல் சீவக சிந்தாமணிப் பதிப்பாயிற்று, 1892இல் சிலப்பதிகாரமாயிற்று, 1894இல் புறநானூறாயிற்று. பெரும்பெயர்களின் பட்டியலை நீட்டியபோது தோன்றாத உ.வே.சா., தாம் அறியாததை அறிய முற்பட்டபோதே தோன்றினார்.

சேர்க்கைக் குழுவினர் முன்னும், ஆசிரியர் பயிற்சிக் கழக நேர்காணலிலும், கல்வி உதவி நல்கும் அறவாரியங்களின் அறையிலும் நிகழ்வது இதுவே. பொன்மொழியைக் கேட்டு எவரும் அசைவதில்லை. “அம்மொழியை ஏன் தேர்ந்தாய்?” என்னும் ஒரே வினாவில் பலர் தடுமாறி விழுகின்றனர். தன் கண்ணால் கண்டதை எழுதிய பிள்ளையிடம் எத்தனை வினாக்கள் தொடுத்தாலும் அது தடுமாறாது. அது தான் நடந்த வழியைத்தான் கூறுகிறது.

ஆசிரியர் செய்யத்தக்கது

ஆதலின் தமிழாசிரியர் செய்யத்தக்கன சில உள. மேற்கோளுக்கு இடும் சிவப்புக் கோட்டை, பிள்ளை தானே கண்டெழுதிய வரிக்கும் இடுதல் வேண்டும். செய்யுளைக் கற்பிக்குங்கால் ஓரடியை மட்டும் பெயர்த்தெடுத்துக் கொடுக்காமல் முழுப் பாட்டையும் அதன் சூழலோடு கற்பித்தல் வேண்டும். கட்டுரையில் குறளை எடுத்தாண்ட மாணவரிடம், “இஃது உன் கருத்துக்கு எவ்வாறு சான்றாகிறது?” என்று கேட்டு, விடையில்லாதவிடத்து அதனை அடித்துவிடும் துணிவு வேண்டும். ஆறாம் ஆண்டிலிருந்தே வாரம் ஒருமுறை, மேற்கோளே இல்லாத பத்து வரிகளை எழுதச் செய்தல் வேண்டும். வீட்டிலும் தெருவிலும் கண்ட ஒன்று, அது ஏன் அவ்வாறு இருக்கிறது, அதனை அறிய என்ன செய்தாய் என்னும் மூன்று வினாக்கள் அதற்குப் போதும். யூகாஸ் 2026ஆம் ஆண்டுச் சேர்க்கை முதல் கேட்கும் மூன்று வினாக்களுக்கு இவை தொலைவில் இல்லை என்பதை ஆசிரியர் உணர்வர்.

பொன்மொழிப் பட்டியலை நகலெடுத்து மாணவர்க்கு வழங்குவது எளிது. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். ஒரு பிள்ளையை எதிரில் அமர்த்தி, அதன் தந்தை என்ன தொழில் செய்கிறார், அத்தொழிலில் எது அதற்கு வியப்பளித்தது, அதன் பாட்டியின் கையில் அது எதைத் தொட்டுணர்ந்தது என்று பொறுமையோடு கேட்டறிவது அரிது. பல பிற்பகல்கள் ஆகும். அப்பிற்பகல்களைத் தரும் ஆசிரியரின் மாணவர், விண்ணப்பத்தின் முதல் வரியில் எவர் பெயரையும் தேடமாட்டார். அவ்வரியில் அவரே இருப்பார்.